ஊதாத பொட்டலம்

மார்ச் 3

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளை நான், இன்று காலை ஒரு பாலித்தீன் பைக்குள் சீரக ரசத்தை ஊற்றி, இளநீர்க் கடையில் கேட்டு வாங்கி வந்த ஸ்ட்ராவை அதில் செருகி, உள்ளே இருக்கும் காற்றை வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். காற்று வரும் என்று பார்த்தால் ரசம் வந்தது. வாய்க்கு வந்திருந்தால் குடித்துவிட்டு மறந்திருப்பேன். மூக்குக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பால்காரர் வாசலில் வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பால் வாங்கினேன்.

"வீட்டுல ஏதாச்சும் துக்கமுங்களா?" என்று கேட்டார்.

"ரசமுங்க" என்றேன்.

இந்த டைரி லாரிச் சங்கத்தில் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள், நான் அதில் கோலம் போட்டுப் பழகுவேன். இந்த வருஷம் வயிற்று டாக்டர், வீட்டுக்காரர் தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று தேதி போட்டு எழுதி வரச் சொல்லிவிட்டார். நான் ஆறாம் வகுப்பில் பாதி வரை படித்தவள். மீதிப் பாதியை இப்போது முடித்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து. சொந்த லாரி. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார். வரும்போது வெங்காயமோ பருப்போ எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு திருச்செங்கோடு வந்து சேருவார். மாற்றி மாற்றி ஓட்டுவதற்குக் கூடப் போவது அர்த்தநாரி அண்ணன், என் பெரியப்பா மகன். இரண்டு பேரும் ரோட்டோர தாபாவிலேயே சாப்பிட்டுச் சாப்பிட்டு, போன மாசம் இவருக்கு வயிற்றுப்புண் முற்றி, வழியில் ரத்தமாக வாந்தி எடுத்துவிட்டார். கொஞ்சம்தான். அண்ணனின் வேட்டியையும் இரண்டு துண்டையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் சொன்னது இது: காரமில்லாத வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும். மறுபடி ரத்தம் வந்தால் வண்டியை மறந்துவிட வேண்டும். அப்புறம் இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகவும் ஒன்று சொன்னார். அதை எழுத இங்கே இடம் பத்தாது.

வண்டியில் அடுப்புப் பெட்டி இருக்கிறது, இவர்களே சமைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் இவர்கள் சமைத்துப் பார்த்ததில்லை. மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து அதில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். அதற்குக் குழம்பு என்று பெயரும் வைப்பார்கள்.

ஆகவே நான் சமைத்து, கெடாமல் கட்டிக் கொடுத்தாக வேண்டும். காற்றை எடுத்துவிட்டால் சாப்பாடு கெடாது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன், அதற்குத்தான் அந்த ஸ்ட்ரா.

மார்ச் 4

காலை இட்லி. மதியம் சோறு, பச்சைப்பயிறு கடைந்தது. ராத்திரி கஞ்சி. திட்டு மூன்று வேளையும்.

மார்ச் 6

ஈரோட்டுப் பொருட்காட்சிக்குப் போனோம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. கழுத்தில் மைக் மாட்டிய ஒரு தம்பி, ரோசாப்பூவை ஒரு பையில் போட்டு, அதன் வாயை ஒரு மெஷினுக்குள் கொடுத்து அமுக்கினான். புர்ரென்று ஒரு சத்தம். பை பூவோடு ஒட்டிக்கொண்டது. வாய் தானாக ஒட்டி மூடிக்கொண்டது.

"பாத்துக்கங்க அக்கா. எந்தப் பொருளும் கெட்டுப்போறதுக்குக் காத்துதான் காரணம். காத்தை உருவிட்டா கெடறதுக்கு வழியே இல்ல. இதா, இந்தப் பக்கம் இருக்கறது போன பொங்கலுக்கு வெச்ச பூவு."

"எங்க வீட்டுக்காரரு வாயில வெச்சா காத்தை உருவுமா தம்பி?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. இவர் ராட்டினத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். ஆனால் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தது இவர்தான். நான் கேட்கவேயில்லை.

மார்ச் 7

மெஷின் ரசம் குடிக்கிறது. காற்றை உறிஞ்சு என்றால் ரசத்தை உறிஞ்சுகிறது. மூன்று தடவை துடைத்தேன். எனக்கும் அதற்கும் வித்தியாசம் மூக்கு மட்டும்தான்.

மார்ச் 8

கண்டுபிடித்துவிட்டேன். பயிற்றையும் ரசத்தையும் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியைப் பையில் போட்டு உறிஞ்ச வேண்டும். செங்கல் மாதிரி நிற்கிறது. பயிற்றுச் செங்கல், ரசச் செங்கல், கூட்டுச் செங்கல் என்று வரிசையாக அடுக்கினேன்.

"வீடு கட்றயா?" என்றார்.

"மச்சு வீடுங் மாமா. உங்க வயித்துக்குள்ள."

சோதனைக்காக ஒரு பயிற்றுப் பொட்டலத்தை ஃப்ரிட்ஜிலும், இன்னொன்றை வெளியே மேடை மீதும் வைத்திருக்கிறேன். லாரியில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அதனால் வெளியே வைத்ததுதான் பரீட்சை எழுதுகிறது.

மார்ச் 10

பரீட்சையில் ஃபெயில்.

காலையில் எழுந்து பார்த்தால் மேடை மேல் தலையணை மாதிரி ஒன்று படுத்துக்கிடக்கிறது. நேற்று தோலோடு ஒட்டியிருந்த பை இன்று உப்பி நிற்கிறது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. காற்றைத்தானே எடுத்தேன். என் கண்முன்னால் எடுத்தேன். வாயும் ஒட்டியிருக்கிறது. பிறகு எங்கிருந்து வந்தது? இவரைச் சந்தேகப்பட்டேன். ராத்திரி எழுந்து ஊதி வைத்திருப்பார் என்று நினைத்தேன். அப்படியும் செய்யக்கூடிய ஆள்தான்.

"எங்கியோ பஞ்சர் இருக்கும்" என்றார் இவர்.

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். டியூப்பை முக்கிப் பார்ப்பதுபோலப் பொட்டலத்தைத் தண்ணீருக்குள் அமுக்கி, விரலால் ஓரம் ஓரமாக அழுத்திக்கொண்டே போனார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது. ஒரு குமிழிகூட வரவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார்.

"டியூப்பு நல்லாத்தான் இருக்குது புள்ள. வெளிக் காத்து உள்ள போகல. உள்ள இருக்கறதுதான் காத்து அடிக்குது."

"பயிறு எப்படிங் மாமா காத்து அடிக்கும்? அதென்ன கம்ப்ரஸரா?"

"எனக்கென்ன தெரியும். பஞ்சர் இல்ல. அவ்வளவுதான் சொல்லுவேன்."

கத்தரிக்கோலால் வெட்டினேன். வீட்டை விட்டு மூன்று பேர் ஓடினோம். மூன்றாவது ஆள் தெருநாய். பொட்டலத்தை வாசலில் வைத்தேன், அது திரும்பி வந்து மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் அதற்கு ஏதோ கெடுதல் செய்த மாதிரி.

ஃப்ரிட்ஜில் வைத்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 11

யோசித்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். டப்பாவில் ஊற்றும்போது பயிறு ஆறவில்லை. அந்தச் சூட்டுக்குத்தான் உப்பியிருக்கும். இப்போது நன்றாக ஆறவைத்து, உறைய வைத்து, உறிஞ்சி, ஒன்றை வெளியே வைத்திருக்கிறேன். சாயங்காலம் வரை உப்பவில்லை. ஜெயித்துவிட்டேன்.

லோடு நாளைக்கே ஏற்றுகிறார்கள். இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றால் ஜவ்வரிசி காத்திருக்காது. வெளியே வைத்ததையும் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மார்ச் 12

போய்விட்டார்கள். தெர்மக்கோல் பெட்டி நிறையப் பொட்டலம். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: கூட்டு, ரசம், பருப்பு சாதம், பச்சைப்பயிறு. பையோடு வெந்நீரில் போட்டுச் சுட வைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

அர்த்தநாரி அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மிணி, இதுக்கும் எடை போடுவானா வே-பிரிட்ஜ்ல?" என்றார்.

"உங்களுக்கும் சேத்துத்தானுங்ணா இருக்குது. வாயை மூடிட்டுத் தூக்குங்க."

இவர் கேபினில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பினார். அந்தக் கண்ணாடியில் நான் தெரியும்படி கொஞ்ச நேரம் சரி செய்துகொண்டே இருந்தார். சரி செய்ய அதில் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.

வீடு நிம்மதியாக இருக்கிறது. டிவி ரிமோட் என் கையில். போடவில்லை, ஆனால் என் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 14

போன் வந்தது. டாக்டருக்காக எழுதுகிறேன். மதியம்: பருப்பு சாதம். நன்றாக இருந்ததாம்.

மார்ச் 15

கூட்டு. "சூப்பரு" என்றார். இந்த ஆள் முப்பது வருஷத்தில் என் சமையலுக்குச் சொன்ன வார்த்தை "ம்" ஒன்றுதான். பொட்டலத்துக்குள் போனதும் ருசி கூடிவிடுகிறது போல.

மார்ச் 16

ரசம், சோறு. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவின் வீட்டுக்காரரும் லாரிதான். அக்காவிடம் பேசப் போனேன், அதாவது பீற்றிக்கொள்ளப் போனேன். "காத்துதானுங்க்கா எல்லாத்துக்கும் எதிரி" என்று அந்த மைக் தம்பி மாதிரியே சொல்லிவிட்டு வந்தேன். அக்காவும் நாளைக்கு ஈரோடு போகிறாராம். இந்தத் தெருவில் நான்தான் விஞ்ஞானி.

மார்ச் 17

"இன்னைக்கு என்னங் மாமா?"

"பச்சப்பயிறு. ஆகா. கடைஞ்ச கையோட சாப்பட்ட மாதிரியே இருந்துச்சு."

"கெடலீங்களா?"

"எங்க கெடறது. நீதான் காத்தை எடுத்துட்டயே."

குரல் கொஞ்சம் சோர்வாக இருந்தது. ரோட்டு வெயில் அப்படி என்றார்.

மார்ச் 18

தோசை மாவுச் சட்டியை எடுக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். சட்டிக்குப் பின்னால், வரிசையாக, என் கையெழுத்தில் "பச்சைப்பயிறு" என்று ஒட்டிய பொட்டலங்கள். மொத்தமும். பெட்டியில் வைக்க மறந்துவிட்டிருக்கிறேன். ஒன்றுகூட வண்டிக்குப் போகவில்லை.

நேற்று என் வீட்டுக்காரர் கடைந்த கையோடு சாப்பிட்ட பயிறு, என் ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் இருக்கிறது.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன். மாவில் நீர் கோத்துவிட்டது.

மார்ச் 19

கோபத்தைக் காட்டவில்லை. அதற்குப் பதிலாக விசாரணை நடத்தினேன். இன்றைய போன்:

"மாமா, பூசணிக்காய் பொரியல் எப்படிங் இருந்துச்சு?"

பூசணிக்காய் நான் வாங்கவே இல்லை.

"பிரமாதம் புள்ள."

"சோளப் பணியாரம்?"

"அதா? அதை அப்பவே முடிச்சாச்சு. உங்கண்ணந்தான் ரெண்டு கூடத் தின்னுட்டான்."

"அந்த வாழத்தண்டுப் பாயசம்?"

போனில் லாரி ஹாரன் ஒன்று கேட்டது.

"இனிப்புக் கொஞ்சம் தூக்கலு" என்றார்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. வெயில் இங்கேயும் அப்படித்தான் இருக்கிறது.

டாக்டருக்கு: பூசணிக்காய் பொரியல், சோளப் பணியாரம், வாழைத்தண்டுப் பாயசம். அவர் சொன்னதை எழுதுவதுதான் என் வேலை.

மார்ச் 20

அர்த்தநாரி அண்ணனுக்குப் போன் போட்டேன். இவர் குளிக்கப் போயிருந்த நேரம்.

"அண்ணா, எங்கப்பா மேல ஆணையா நெசத்தைச் சொல்லுங்க."

"உங்கப்பன் எனக்குச் சித்தப்பன் அம்மிணி. அப்படியெல்லாம் கேக்காத."

"அப்பச் சொல்லுங்க."

சொன்னார். இரண்டாம் நாள் மத்தியானம், ஆந்திரா வெயிலில், பெட்டியில் இருந்த எல்லாப் பொட்டலமும் உப்பிவிட்டதாம். அண்ணன் பின் சீட்டில் படுத்திருக்க, தலைமாட்டில் கூட்டுப் பொட்டலம் ஒன்று வெடித்ததாம். இவர் டயர் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓரங்கட்டி, இறங்கி, பத்து டயரையும் உதைத்துப் பார்த்தாராம். எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று ஏறினால் அண்ணன் முகமெல்லாம் கூட்டாம்.

"அப்பறம்?"

"எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சோம். ஒண்ணு மட்டும் உப்பல. பருப்பு சாதம். மோந்து பாத்தா வாசமும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் வேண்டாம்னேன். மாப்பளை கேக்கல. அவ ராத்திரியெல்லாம் முழிச்சுக் கட்டுனது, ஒண்ணாச்சும் சாப்படறன்னு சாப்புட்டாப்ல."

அதற்கு மேல் அண்ணன் இழுத்தார். நான் விடவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து வாந்தி, பேதி. ஆதிலாபாத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

"ரத்தமாங்ணா?"

"இல்ல அம்மிணி. சத்தியமா இல்ல. உனக்குச் சொன்னா என்னைக் கீழ எறக்கி உட்டுருவன்னு மாப்பளை சொல்லிப்போட்டாப்ல. இப்பத் தேவலை. தாபாவுல ரொட்டியத் தண்ணில நனைச்சுத் திங்கறாப்ல."

என் கையால் கட்டியது. வேறு யார் கையாலும் இல்லை.

இன்று எனக்குச் சமைக்கவில்லை.

மார்ச் 21

தம்பி பெண்டாட்டி யமுனா பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை செய்கிறாள். பாலைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அவளிடம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் மெஷினை யார் தலையிலாவது போட வேண்டும்.

"காத்தை எடுத்தா, காத்து வேணுங்கற கிருமிதான் நங்கை அடங்கும். காத்தே வேண்டாங்கற கிருமியும் இருக்குது. அதுக்கு நீங்க பையைக் கட்டிக் குடுத்தது, வாடகையில்லாம வீடு குடுத்த மாதிரி."

"அப்ப உப்புனது?"

"அது தின்னுட்டு உடற காத்து."

"சீ. பயித்துக்குள்ள உக்காந்துட்டா?"

"ஆமாங் நங்கை."

"நீ எதுக்கு யமுனா அந்த மாதிரி எல்லாம் வெச்சிருக்கற?"

"நானா வெச்சேன்?"

அவள்மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு யார்மீதாவது எரிந்து விழுந்தாக வேண்டியிருந்தது. அப்புறம் ஏன் அந்த மைக் தம்பி ரோசாப்பூவை வைத்துக் காட்டினான் என்று கேட்டேன். பூவை யாரும் சாப்பிடுவதில்லையே என்றாள். மெஷின் மோசமில்லையாம். பொடி, பருப்பு, முறுக்கு மாதிரி ஈரமில்லாததைக் கட்டி வைத்தால் நமுத்துப்போகாது, சிக்கு வாடை வராது. ஈரமானதை ஃப்ரிட்ஜில் வைத்தால் வழக்கத்தைவிடக் கொஞ்ச நாள் கூட இருக்கும். ஆனால் வேகவைத்த ஈரச் சாப்பாட்டைக் கட்டி வெயிலில் அனுப்பினால் காற்று இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சில சமயம் இல்லாமல் இருப்பது இன்னும் மோசம்.

"உப்புனாத் தெரிஞ்சு போகும், தூக்கிப் போட்டுருவம். உப்பாத பொட்டலந்தான் நங்கை பயம். வாசம் வராது, பாத்தாத் தெரியாது. எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும். அதுல உசுருக்கே வெனையானதும் உண்டு."

இதைக் கேட்டதும் எனக்கு யாருடைய ஞாபகம் வந்தது என்று எழுதப் போவதில்லை. அந்த ஆள் நாக்பூரில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 22

பாப்பாத்தி அக்கா வீட்டுக்குப் போய், பீற்றிக்கொண்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அக்கா மெஷின் வாங்கிவிட்டார். நேற்றே நெத்திலிக் குழம்பைக் கட்டி மாடிப்படியில் வைத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினோம்.

மார்ச் 28

வந்துவிட்டார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார்.

"பாயசம் எப்படிங் மாமா இருந்துச்சு?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டயரைப் பார்த்தார்.

"தெரிஞ்சு போச்சா?"

"பருப்பு சாதத்தை ஏன் தின்னீங்க?"

"உப்பலயே."

"உப்பலைன்னா திங்கறதா? எறிஞ்சிருக்க வேண்டீதுதான?"

"அத்தனையும் எறிஞ்சு போட்டு உங்கிட்ட என்னன்னு புள்ள பேசறது?"

வாய் வரை வந்த கேலியை விழுங்கிவிட்டேன். இப்படி ஆனது எனக்கு இதுதான் முதல் தடவை. போய்க் கஞ்சி வைத்தேன்.

ஏப்ரல் 1

டாக்டர் இந்த டைரியை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பூசணிக்காய் பொரியல், பணியாரம், பாயசம். இவ்வளவு சாப்பிட்டும் ஆறு கிலோ எப்படிக் குறைஞ்சுது?"

"அவரு போன்ல சாப்பட்டதுங் டாக்டர்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அன்றன்று சமைத்த சாப்பாடு வேளைக்கு வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுங்கள், இரண்டில் ஒன்று என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. இவர் முன்னாலேயே சொன்னார். இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸில் ஒரே ஒரு தடவை பேசினார். "வண்டிய உட்டுட்டு நான் என்ன புள்ள பண்றது."

கேள்வி மாதிரி கேட்கவில்லை.

ஏப்ரல் 4

வண்டி வீட்டுக்கு எதிரே காலி இடத்தில் நிற்கிறது. இவர் வீட்டில் இருக்கிறார். இருக்கிறார் என்றால், மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவிட்டார். உப்பு எது, சோடா மாவு எது என்று இப்போது நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மிக்ஸி சத்தம் சரியில்லை என்று பிரித்தார், ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. அந்த ஸ்க்ரூவைத் தேடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். முப்பது வருஷம் எப்போது வீட்டுக்கு வருவார் என்று பார்த்தவள், இப்போது எப்போது போவார் என்று பார்க்கிறேன். அப்படித்தான் வெளியே சொல்கிறேன்.

ஏப்ரல் 5

மத்தியானம் ஆளைக் காணோம். லாரி கேபினில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். கண்ணாடி மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது.

கஞ்சியைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனேன். ஏறத் தெரியவில்லை. ஆயுதபூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு முன்பக்கம் போயிருக்கிறேனே தவிர, இந்தக் கேபினுக்குள் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. இவர் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, ஒரு செருப்பு கீழேயே நின்றுவிட்டது.

மேலே உட்கார்ந்து பார்த்தால் பாப்பாத்தி அக்கா வீட்டுக் கொல்லை வரைக்கும் தெரிகிறது.

"இவ்வளவு உசரத்துல உக்காந்துட்டுத்தான் எங்களையெல்லாம் கொசு மாதிரி பாக்கறீங்களா?"

கஞ்சியைக் குடித்தார். சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்து, போசியை வழித்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று தோன்றியது. இந்தக் கஞ்சி அடுப்பிலிருந்து இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதைக் கெடாமல் வைக்க எதையும் உருவ வேண்டியதில்லை. ஆக, இவ்வளவு நாளாக நான் பொட்டலம் கட்டியது தப்பான ஆளை.

"மாமா, அந்த அடுப்புப் பெட்டி எரியுதா?"

"எரியும். எதுக்கு?"

"நானே வந்துட்டா?"

கைப்பிடியில் போசியை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொம்பளை எப்படிப் புள்ள லாரில. குளிக்கறது, வைக்கறது..."

"பெட்ரோல் பங்க்குல இருக்குதுல்லங். கொழாய்த் தண்ணி எனக்கு மட்டும் சுடுமா?"

"ஊரு சிரிக்கும்."

"இத்தன நாளா நானேதான் சிரிச்சுட்டு இருக்கறேன். ஊருக்கும் ஒரு வாய்ப்புக் குடுங்க."

"வெயிலு. தூசி. தூக்கமிருக்காது."

"இங்க மட்டும் தூங்கறனாக்கும்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

இவர் சட்டைப்பையிலிருந்து அந்த மிக்ஸி ஸ்க்ரூவை எடுத்து என் கையில் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

அர்த்தநாரி அண்ணனிடம் சொன்னோம். "அம்மிணி வந்தா எனக்கும் சோறு. மூஞ்சில கூட்டு வராது. நான் எதுக்கு வேண்டாங்கறேன்" என்றார். நிபந்தனை ஒன்று: ராத்திரி ஓட்டும்போது நான் பாடக்கூடாதாம்.

ஏப்ரல் 9

மெஷினைக் கடைசியில் அதன் வேலைக்கு விட்டேன். வறுத்த பாசிப்பருப்பு, அரிசி நொய், சீரகப்பொடி, கஞ்சி மாவு எல்லாம் ஈரமில்லாமல் கட்டியாகிவிட்டது. புர்ரென்று உறிஞ்சிக்கொண்டு கல் மாதிரி நிற்கிறது. மூன்று நாளாக மேடையில் கிடக்கும் சோதனைப் பொட்டலம் ஒன்றும் உப்பவில்லை, வெட்டிப் பார்த்தால் நேற்று வறுத்த வாசம். அந்த மைக் தம்பி பாதி நிஜம் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதியை நாங்கள் ஆதிலாபாத்தில் கற்றுக்கொண்டோம்.

மிளகாய்த்தூள் டப்பாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். இரண்டு பேரும் அதை வழியனுப்புவதுபோல நின்று பார்த்தார்கள்.

ஏப்ரல் 12

கர்நூலைத் தாண்டி, ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடி. வண்டி நிழலில் அடுப்பை வைத்துச் சோறு வடித்தேன். பச்சைப்பயிறு கடைந்தேன். இரண்டையும் தட்டுப் போட்டு மூடிவிட்டு, கேபினில் தூங்கிக்கொண்டிருந்த இவரை எழுப்ப ஏறினேன். ஏறுவதற்கு எனக்கு இன்னும் நேரம் பிடிக்கிறது. இறங்குவதற்கு அதைவிட நேரம் பிடிக்கிறது.

இறங்கி வந்தபோது அடுப்பருகே ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது. சோற்றுச் சட்டி காலி. பயிற்றுச் சட்டியையும் வழித்திருந்தது. தட்டுகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. கெட்டுப்போனதாக இருந்தால் எருமை வாய் வைக்காது என்றார் அண்ணன்.

திரும்ப உலை வைத்தேன்.

டாக்டருக்கு: மதியம் சோறு, பச்சைப்பயிறு கடைந்தது. ஒரு மணிக்கு எருமை. இரண்டரை மணிக்கு இவர்.